அவன் கீழே படுத்துப் பார்த்த கார்

சிட்னியில் எங்கள் ஆட்கள் கார் வாங்குவதற்கு எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. ஜப்பான் காராக இருக்க வேண்டும். வெள்ளை அல்லது சாம்பல் நிறமாக இருக்க வேண்டும். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால் பின் சீற்றில் காலை நீட்டி இருக்க இடம் வேண்டும். டிக்கியில் நாலு அரிசி மூடையாவது போக வேண்டும். விற்கும்போது விலை விழக்கூடாது. இந்தச் சட்டத்தை இருபது வருடம் பயபக்தியோடு கடைப்பிடித்தவன் நான். 2010இல், நாற்பத்துமூன்று வயதில், அதை மீறினேன். இரண்டே கதவு வைத்த, சிவப்பு நிற, அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினேன்.

ஏன் வாங்கினாய் என்று கேட்டவர்களுக்கு வேறு வேறு பதில் சொன்னேன். உண்மையான பதில் வெட்கக்கேடானது. மாணவனாக வந்த காலத்தில் பெற்றோல் நிலையம் ஒன்றில் வேலை செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வெள்ளைக்காரர் அப்படியொரு காரில் வருவார். அதன் எஞ்சின் சத்தம் தெரு முனையிலேயே கேட்கும். நான் உள்ளே கல்லாவில் நிற்பேன். மிச்சக் காசை எண்ணாமல் அதையே பார்ப்பேன். பிறகு படிப்பு, வேலை, விசா, ஊருக்கு அனுப்பும் காசு, கலியாணம், வீடு, பிள்ளை என்று ஒவ்வொன்றாக வந்தது. எல்லாமே தேவையானவை. வாழ்நாளில் ஒருமுறையாவது தேவையே இல்லாத ஒரு பொருளை வாங்க வேண்டும் என்று எனக்கு வெறி இருந்தது. அவ்வளவுதான்.

இந்த ஆசை என் மனைவிக்குத் தெரிவதற்கு முன்பே தெரிந்தவன் ஒருவன் இருந்தான். என் நண்பன். ஒரே வருடத்தில் இந்த நாட்டுக்கு வந்தவர்கள். ஹோம்புஷில் ஒரு பிளாற்றில் ஏழு பேர் இருந்தோம். நானும் அவனும் ஒரு மெத்தையில். என் அப்பா யாழ்ப்பாணத்தில் செத்தபோது சண்டையால் என்னால் போக முடியவில்லை. எட்டாம் நாள் படையலுக்கு அப்பாவுக்குப் பிடித்ததெல்லாம் கேட்டுக் கேட்டுச் சமைத்தவன் அவன்தான். நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலைக்குப் போனேன். அவன் கிரான்வில்லில் ஒரு கராஜில் மெக்கானிக் ஆனான். ஒரு காரின் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன வருத்தம் என்று சொல்லிவிடுவான்.

அவனுக்கு ஒரு தங்கை. ஊரில் இருந்தாள், பிறகு சென்னையில். பிளாற்றில் இருந்த காலத்தில் அவன் ரெலிபோன் கார்ட் வாங்கி அவளுடன் கதைப்பான். முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது போனை என்னிடம் தருவான். அந்த இரண்டு நிமிடத்தில் அவள் எனக்குச் சின்னண்ணை என்று பெயர் வைத்துவிட்டாள், அதட்டவும் தொடங்கிவிட்டாள். எனக்குக் கூடப்பிறந்த பெண்கள் இல்லை. அவளுடைய கலியாணம் மூன்று முறை குழம்பியது. முதல் தடவை செவ்வாய் தோஷம். இரண்டாவது தடவை சண்டை. மூன்றாவது தடவை யாரோ ஒரு புண்ணியவான் மாப்பிள்ளை வீட்டுக்கு எழுதிய மொட்டைக் கடிதம். அவளுக்கு முப்பத்தைந்து ஆகிவிட்டது. அவன் அந்தக் கவலையோடுதான் எழும்புவான், அந்தக் கவலையோடுதான் படுப்பான்.

அந்த வருடம் மாரிக் குளிருக்குள் ஒரு நாள் அவன் எனக்குப் போன் எடுத்தான்.

“மச்சான், நீ கனவு காணுற சாமான் ஒண்டு ஸ்ட்ராத்ஃபீல்டிலை நிக்குது. எங்கடை ஆள்தான். விக்கப்போறாராம். பாக்கப் போவமே?”

விற்பவர் எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வீடுகள் வாங்கித் திருத்தி விற்பது தொழில். கோயில் கூட்டங்களில் முன் வரிசையில் இருப்பார். எல்லாரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. வாசலில் கார் நின்றது. கழுவித் துடைத்து, வெயிலில் சிவப்பாக மினுங்கியது.

அமெரிக்காவுக்கென்று ஸ்டியரிங்கை இடப் பக்கம் வைத்துச் செய்த கார். இங்கே கொண்டுவந்து ஸ்டியரிங்கை வலப் பக்கம் மாற்றியிருந்தார்கள். ஆனால் வைப்பர் இன்னும் அமெரிக்காவிலேயே இருந்தது. மழை பெய்தால் பக்கத்து ஆளின் கண்ணாடியைச் சுத்தமாகத் துடைக்கும், ஓட்டுபவனின் மூலையை விட்டுவிடும். அண்ணை அதைக் காட்டிச் சிரித்தார். குறையைத் தானாகச் சொல்லும் மனிதர், நேர்மையானவர் என்று நான் நினைத்தேன். நல்ல வியாபாரி சின்னக் குறையை அவிழ்த்துக் காட்டுவான், பெரிய குறைக்கு மேல் விரிப்பு விரிப்பான். அது எனக்கு அப்போது தெரியவில்லை.

என் மனைவி அன்று காலை ஒரு விஷயம் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். அவள் நேர்ஸ், எதையும் இரண்டாம் தரம் பார்க்காமல் ஊசி போடமாட்டாள்.

“கார் நம்பரைக் குடுத்தால் அரசாங்கப் பதிவிலை பாத்து ஒரு போன் கோலிலை சொல்லுவினம், அடிபட்ட காரோ இல்லையோ எண்டு. முதல் அதைச் செய்யுங்கோ.”

“எங்கடை ஆளிட்டைப் போய் நம்பர் செக் பண்ணிறதோ? நாளைக்குக் கோயிலிலை முகத்திலை முழிக்கிறேல்லையோ?”

“அப்ப கோயிலிலை செக் பண்ணுங்கோ” என்றாள்.

நான் செய்யவில்லை. வெள்ளைக்காரனிடமோ சீனனிடமோ வாங்கியிருந்தால் பத்துக் கேள்வி கேட்டிருப்பேன், இருபது தாள் பார்த்திருப்பேன். எங்கள் ஆளிடம் கேட்டால் அது சந்தேகம், சந்தேகம் அவமானம், அவமானம் தலைமுறைக்கும் நிற்கும். அதோடு எனக்கு அந்தப் போன் கோல் தேவையே இல்லை. என் பக்கத்தில் அவன் நின்றான்.

அவன் ஜாக்கி போட்டு முன் பக்கத்தைத் தூக்கினான். பழைய கம்பளி ஒன்றைத் தரையில் விரித்து, ரோர்ச் லைற்றோடு காருக்குக் கீழே போனான். கனநேரம் வெளியே வரவில்லை. கால் இரண்டும் அசையாமல் கிடந்தன. அண்ணை என்னோடு கிரிக்கெற் கதைத்துக்கொண்டிருந்தார். எவ்வளவு கவனமாகப் பார்க்கிறான் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு எழும்பி வந்தான். துணியால் கையைத் துடைத்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். என்னைப் பார்க்கவில்லை, காரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“எடு மச்சான். பிரச்சினை இல்லை.”

நான் எடுத்தேன். ஒன்பது வருடம் சேர்த்ததைக் கொடுத்தேன். ஊரில் ஒரு சின்ன வீடு கட்டியிருக்கலாம் என்று பின்னர் ஆட்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். சொல்லட்டும்.

அடுத்த எட்டு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை. சனிக்கிழமை காலையில் மகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் கூட்டிப்போவேன். அவளுக்கு அப்போது பதினொரு வயது. முன் சீற்றில் என் பக்கத்தில் இருப்பாள். பள்ளிக்கூட வாசலில் பெடியங்கள் சூழ்ந்துகொள்வார்கள். “அப்பா, ஒன் மோர் ரவுண்ட்” என்பாள், நானும் ஒரு சுற்றுச் சுற்றித்தான் இறக்குவேன். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று அழுத பிள்ளை வெள்ளிக்கிழமையே உடுப்பு எடுத்து வைக்கத் தொடங்கினாள். ஆத்திசூடி சாதிக்காததை எஞ்சின் சாதித்தது.

சின்னச் சின்னக் குறைகள் தெரியாமல் இல்லை. கொஞ்சம் பலமாகப் பிரேக் பிடித்தால் கார் இடப் பக்கம் இழுக்கும். ஒரு பக்க ரயர் மட்டும் தேய்ந்தது. நண்பனிடம் சொன்னேன். அவன் உடனே வந்தான். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை தானாகவே வருவான். ஞாயிறு காலையில் ஜாக்கியும் கம்பளியுமாக வந்து, கீழே படுத்துப் பார்த்துவிட்டு, சாப்பிடாமல் போய்விடுவான். காசு நீட்டினால் கையைத் தட்டிவிடுவான்.

“மோட்டர்வேயிலை மட்டும் ஏறாதை. எண்பதுக்கு மேலை போகாதை. பழைய எஞ்சின், பாவம்.”

நான் எஞ்சினுக்காக இரக்கப்பட்டு எண்பதைத் தாண்டவில்லை. “இப்பிடி ஒரு சிநேகிதன் ஆருக்குக் கிடைக்கும்?” என்று மனைவியிடம் கேட்டேன். அவள் “ஏன் சாப்பிடாமல் போறார்?” என்று திருப்பிக் கேட்டாள். அந்தக் கேள்வி எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கார் வாங்கி இரண்டு மாதத்தில் அவன் இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். தங்கைக்குக் கலியாணம் சரிவந்துவிட்டது. மாப்பிள்ளை வேறு யாருமில்லை, எனக்குக் கார் விற்ற அண்ணையின் தம்பி. நான் அவனைத் தூக்கிச் சுற்றினேன். நெடுநாளாகக் கதை நடந்ததாம், எனக்குச் சொல்லவில்லை. எனக்குச் சுருக்கென்றது, ஆனால் பிழை பிடிக்கவில்லை. எங்கள் சனம் கலியாணப் பேச்சை முடியும்வரை யாருக்கும் சொல்லமாட்டாது. கண்ணூறுக்குப் பயம், மொட்டைக் கடிதத்துக்குப் பயம். கூடப்பிறந்தவர்களுக்கே கலியாணப் பதிவு எழுத்து முடிந்துதான் தெரியவரும். மூன்று முறை சூடு கண்ட பூனை அவன்.

“அப்ப நான் கார் வாங்கின ராசிதான்” என்று பகிடி விட்டேன். அவன் சிரித்தான்.

தங்கை வந்து இறங்கினாள். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். தொலைபேசியில் கேட்ட குரலுக்கு இருபது வருடம் கழித்து ஒரு முகம் கிடைத்தது. கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது அவள் எங்கள் வீட்டு வாசலில் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“சின்னண்ணை, நான் மண்டபத்துக்கு இந்தச் சிவப்புக் காரிலைதான் வருவன். நீங்கள்தான் ஓட்டிக்கொண்டு வரவேணும்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. பூமாலை எத்தனை முழம், பொனற்றில் கீறல் விழாமல் எப்படிக் கட்டுவது என்று அன்றே யோசிக்கத் தொடங்கினேன். நண்பனுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். “இரண்டு கதவுக் கார், கூறைச்சேலையோடை பின்னாலை எப்பிடி ஏறுறது?” என்றான். முன்னால் ஏறட்டும் என்றேன். மாப்பிள்ளை வீட்டார் வெள்ளைக் கார் ஒழுங்கு செய்திருப்பதாகச் சொன்னான். அது மாப்பிள்ளைக்கு, பொம்பிளையை நாங்கள்தானே கூட்டிப்போக வேண்டும் என்றேன். மழை வந்தால் வைப்பர் சரியில்லை என்றான். பரமட்டா மண்டபத்துக்குப் பத்து நிமிட ஓட்டம், அதற்குள் என்ன மழை என்றேன். சாட்டுக்கு மேல் சாட்டுச் சொன்னான். எனக்குக் கோபம் வந்தது. என் காரில் அவன் தங்கை வந்தால் அவனுக்கு மரியாதைக் குறைவோ என்றுதான் நினைத்தேன். நேரில் வா என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் வந்தான். நான் அப்போதுதான் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்து இறக்கியிருந்தேன். அவள் புத்தகப் பையைக் காருக்குள்ளேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடிவிட்டாள். நான் அவனைப் பேசவிடாமல் பேசினேன். இருபது வருடச் சிநேகிதத்தை எடுத்து வைத்தேன், மெத்தையை எடுத்து வைத்தேன். தங்கையே ஆசைப்படுகிறாள், உனக்கு என்னடா வந்தது என்றேன்.

அவன் வெடித்தான்.

“அந்தக் காரிலை என்ரை தங்கச்சியை ஏத்தேலாது!”

“ஏன்?”

அவன் காரைச் சுற்றி மறுபக்கம் போனான்.

“ஏன்டா?”

“காரின்ரை அடியிலை முன் இரும்புச் சட்டம் ஒட்டினது. ஆரோ அடிச்சு நொருக்கின காரை வெட்டி ஒட்டி வைச்சிருக்கிறாங்கள். ஒட்டும் சரியில்லை. மேலை பசை பூசிப் பெயின்ற் அடிச்சிருக்கு. வேகத்திலை ஒரு இடி வாங்கினால் முன்பக்கம் நிக்காது.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. இப்போதுதான் கண்டுபிடித்தான் என்று நினைத்தேன். ஐயோ பாவம், எனக்கு எப்படிச் சொல்வது என்று தவித்திருக்கிறான் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

“எப்ப கண்டனி?”

அவன் நிலத்தைப் பார்த்தான்.

“அண்டைக்கே.”

“எண்டைக்கு?”

“வாங்கின அண்டைக்கு. கீழை படுத்திருக்கேக்கை.”

“பிறகு ஏன்டா எடு எண்டு சொன்னாய்?”

“தங்கச்சியின்ரை குறிப்பு அண்ணை வீட்டிலை இருந்தது. பொருத்தம் பாக்கக் குடுத்து நாலு நாள். அந்தாள்தான் உன்னைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னது. நான் எழும்பி நிண்டு உங்கடை கார் ஒட்டின கார் எண்டு சொன்னால், குறிப்பு அண்டைக்குப் பின்னேரமே திரும்பி வந்திருக்கும். எனக்கு வேற வழி தெரியேல்லை மச்சான்.”

நான் காரைப் பார்த்தேன். முன் சீற்றில் மகளின் பை கிடந்தது.

“என்ரை பிள்ளை ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தச் சீற்றிலை இருக்கிறவள். உனக்குத் தெரியும்தானே?”

“தெரியும்” என்றான். “அதுதான் மாசம் மாசம் வந்து பாத்தனான். ஒட்டு விட்டுதோ எண்டு. விட்டிருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பன்.”

இதைச் சொன்னபோது அவன் அதை ஒரு நன்மையாகத்தான் சொன்னான். அதுதான் என்னைக் கொன்றது. எட்டு மாதம் என் பிள்ளையின் உயிரை ரோர்ச் அடித்துப் பார்த்து, இன்னும் ஒரு மாதம் தாங்கும் என்று கணித்துவிட்டு, சாப்பிடாமல் போயிருக்கிறான். அவனுடைய தங்கைக்குப் பத்து நிமிட ஓட்டம் ஆகாது. என் மகளுக்கு எட்டு மாதம் ஆகும்.

நான் அவனை அடிக்கவில்லை. அடித்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் சில நாள் தோன்றும். “போ” என்று மட்டும் சொன்னேன். அவன் போகாமல் நின்று, “கலியாணம் முடியுமட்டும் அண்ணையிட்டை ஒண்டும் கேட்டிடாதை, உன்னைக் கும்பிட்டன்” என்றான். உண்மையாகவே கையைக் கூப்பினான்.

மனைவி குசினி ஜன்னலால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெளியே வந்து, காரின் கதவைத் திறந்து, மகளின் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திங்கட்கிழமை அவளே அந்தப் போன் கோலைச் செய்தாள். வேறொரு மாநிலத்தில் விபத்தில் நொருங்கி, இனித் தேறாது என்று காப்புறுதிக்காரர் கைகழுவிய கார் என்று நாலு நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

காரை உதிரிப்பாகக் கடைக்காரன் ஒருவனுக்கு உண்மையைச் சொல்லி, வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். மகள் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. காரணம் கேட்டாள். பழைய எஞ்சின் என்றேன். தங்கைக்கும் அதே பொய்தான். அவள் உதட்டைப் பிதுக்கிவிட்டு வெள்ளைக் காருக்குச் சம்மதித்தாள்.

கலியாணத்துக்குப் போகாமல் விடலாமா என்று இரண்டு இரவு யோசித்தேன். போகாவிட்டால் ஏன் என்று சனம் கேட்கும். கேட்டால் கதை வெளியே வரும். கதை வந்தால் மணவறையே ஆட்டம் காணும். மனைவியின் ஜப்பான் காரில், சாம்பல் நிறம், குடும்பமாகப் போனோம்.

மண்டப வாசலில் அண்ணை பட்டு வேட்டியில் நின்று எல்லாரையும் வரவேற்றார். என்னைக் கண்டதும் தோளில் கைபோட்டு, சுற்றி நின்றவர்களுக்குக் கேட்கச் சொன்னார்.

“தம்பிதான் என்ரை காரை வாங்கினவர். எப்பிடி, கார் நல்லா ஓடுதோ?”

நண்பன் இரண்டடி தள்ளிச் சந்தனக் கும்பாவோடு நின்றான். அவன் முகத்தில் இரத்தம் இல்லை. அந்த ஒரு நிமிடம் எல்லாம் என் வாயில் இருந்தது. நான் என்ன கேட்டாலும் தருவான் போல நின்றான்.

“நல்ல கார் அண்ணை” என்றேன். “ஒரு பிரச்சினையும் இல்லை.”

தாலி ஏறியது. தங்கை கூறைச்சேலையில் வந்து தமையனின் காலில் விழுந்தாள். பிறகு என்னைத் தேடி வந்து, மாப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு என் காலிலும் விழுந்தாள். அறுகரிசி போட்டு மனதார வாழ்த்தினேன். அவளில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவளுக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது. இப்போது ஒரு பிள்ளையும் இருக்கிறது என்று கேள்வி.

சாப்பாட்டுக்கு முன் நண்பன் கை கழுவும் இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. “நீ வாய் திறக்கேல்லை மச்சான், இதை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன்” என்று கையைப் பற்றினான். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

அவனுக்கு நான் ஒன்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. அன்றைக்கு ஸ்ட்ராத்ஃபீல்டில், நான் காசு கொடுப்பதற்கு முன், என்னை ஓரமாகக் கூட்டிப்போய், மச்சான், இது உடைஞ்ச கார், ஆனால் நீ வாங்காவிட்டால் தங்கச்சியின் கலியாணம் குழம்பும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஒன்பது வருடக் காசையும் அப்படியே கொடுத்து அந்தக் காரை வாங்கியிருப்பேன். வாங்கி, வாசலில் நிறுத்தி, என் பிள்ளையை அதற்குக் கிட்டப் போகவிடாமல் வைத்திருப்பேன். நான் அப்படிச் செய்வேன் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.